காலைக்கு ஒரு தடவை

இன்னைக்காவது ஸ்டார்ட் ஆகாம இரு, உனக்குப் புண்ணியமாப் போகும் என்று வண்டியைப் பார்த்துச் சொன்னாள் இந்திராணி. மணி ஆறு. கோத்தகிரி மார்க்கெட்டுக்குக் கீழே அவளுடைய பேட்டரி கடை, கடைக்கு முன்னால் ஒரு துண்டு புல்தரை, அதில் அந்த வெள்ளை டீசல் கார் மூன்று நாளாக வெட்டவெளியில் கிடக்கிறது. புல்லெல்லாம் உப்புத் தூவின மாதிரி உறைபனி, பானட்டில் விரலால் பேர் எழுதலாம். அப்பாடா, வந்துட்டியா, உனக்காகத்தான்டி காத்திருந்தேன் என்று பனியிடமும் சொல்லிக்கொண்டாள். முந்தாநாள் மேகம் போட்டு மூடிக்கொண்டது, பனியே இல்லை, சாவியைத் திருகின உடனே புது மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக எழுந்துகொண்டது சனியன். நேற்றும் அதே லட்சணம். குளிருக்கு நிற்கிற வண்டியைச் சோதிப்பதில் இருக்கிற பெரிய பாடே இதுதான், காலைக்கு ஒரு தடவைதான். ஒரு தடவை எஞ்சின் ஓடிச் சூடாகிவிட்டால் கம்ப்ளெய்ன்ட் எங்கேயோ போய் ஒளிந்துகொள்ளும், மறுநாள் விடிகிறவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஏழரைக்கு எதிர்மேட்டின் மேல் வெயில் வந்து பானட்டைத் தொட்டாலும் கதை முடிந்தது. அதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குள் அவனும் வந்துவிடுவான். அவன் என்றால் போஸ், சந்திரபோஸ், பதினாறு வருஷம் அவளுக்குப் புருஷனாக இருந்துவிட்டு, நாலு வருஷத்துக்கு முன்னால் விவாகரத்து வாங்கிக்கொண்டு, சுகந்தி என்கிற இருபத்தாறு வயசுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு போனவன். இது அவன் வண்டி.

என்ன திமிர் பாருங்கள், கொண்டுவந்து விட்ட அன்றைக்குச் சாவியை மேஜையில் வீசினான். வைக்கவில்லை, வீசினான். "பாத்து வை. முடியலன்னா முடியலன்னு சொல்லிடு, சும்மா நோண்டி வைக்காத" என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, கடை போர்டைப் பார்த்துச் சொன்னான். பின் சீட்டில் அந்தப் பெண் சால்வையை மூக்குவரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இறங்கவே இல்லை. ஏன், இறங்கினால் மகாராணி கால் தேய்ந்துவிடுமா? இவள் வாழ்ந்த வீட்டில், இவள் வாங்கிப் போட்ட பீரோவில் சேலையை அடுக்குகிறவள், இவள் கடை வாசலில் இறங்க மாட்டாளாம். குன்னூரில் ஒருத்தன் பேட்டரி போச்சு என்றானாம், "புது பேட்டரிய நானே மாத்தினேன்" என்று போஸுக்கு அதில் ஒரு பெருமை வேறு. ஊட்டியில் ஒருத்தன் ஹீட்டர் பிளக் நாலையும் மாற்றினானாம். மேட்டுப்பாளையத்தில் ஒருத்தன் இரண்டு நாள் வைத்திருந்து வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டானாம், கொதிக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு குளிர் கம்ப்ளெய்ன்ட்டைத் தேடினால் எப்படிடா கிடைக்கும், அறிவுகெட்டவனே. கடைசியில் டாக்சி ஸ்டாண்ட் போஜன் அண்ணன்தான் சொன்னாராம், கரண்ட் வேலைன்னா இந்தச் சுத்துவட்டாரத்துல இந்திராணிய விட்டா ஆள் கிடையாது, ரோஷம் பாக்காம போய் விடுன்னு. அந்த ஸ்டாண்ட் ரோட்டுக்கு எதிரேதான் இருக்கிறது, பக்கத்திலேயே டீக்கடை பெஞ்சு. விவாகரத்து ஆன மறுவாரம் அதே பெஞ்சில் உட்கார்ந்துதான் போஸ் சொன்னான், அவளுக்கு என்னய்யா தெரியும், பழைய சோத்துல தண்ணி ஊத்துற மாதிரி பேட்டரியில தண்ணி ஊத்தத் தெரியும்னு. பத்துப் பேர் சிரித்தார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் இவளுக்கு நன்றாகக் கேட்டது. அன்றையிலிருந்து இவள் கேட்டுக்கொண்டிருக்கிற வரம் ஒன்றே ஒன்று. இரண்டு பேரில் யாராவது ஒருத்தருடைய குடுமியாவது ஒரு நாள் என் கையில் மாட்ட வேண்டும். ஒரே ஒரு நாள்.

பானட்டைத் தூக்கினாள். முதல் நாளே பார்த்ததுதான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பற்றிக்கொண்டு வருகிறது. உள்ளே எங்கே பார்த்தாலும் சந்தனமும் குங்குமமும். ஆயுத பூஜைக்கு எல்லாரும் வைக்கிறதுதான், ஸ்டியரிங்கில் ஒன்று, பானட்டில் ஒன்று. இது அப்படி இல்லை. ரேடியேட்டர் மூடியில் ஒன்று, பேட்டரி மேல் ஒன்று, ஏர் ஃபில்டரில், ஃபியூஸ் பெட்டியில், பாடியில் இருக்கிற போல்ட்டில்கூட ஒன்று, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வைத்து வைத்து ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருக்குத் தட்டிப்போய்க் கிடக்கிறது. அப்படி ஒரு பக்தி. அடுத்தவள் புருஷனைப் பிடித்தவளுக்கு வருகிற பக்தி. கிடைத்தது கையை விட்டுப் போகக் கூடாதே என்று சாமிக்கு லஞ்சம். வை, இன்னும் வை, எஞ்சினை எடுத்துப் பூஜை ரூமிலேயே வைத்துக்கொள். மீட்டரை எடுத்து, அதன் இரண்டு முனையிலும் பத்தடி நீள வயரை மாட்டினாள். இது அவளே கண்டுபிடித்த வேலை. கடையில் தனி ஆள், ஒருத்தர் சாவி திருக இன்னொருத்தர் மீட்டரைப் பார்க்க என்று ஆளுக்கு எங்கே போக. வயரை நீளமாக விட்டு மீட்டரை டாஷ்போர்டில் வைத்துக்கொண்டால் தானே திருகித் தானே பார்த்துக்கொள்ளலாம். துணி காயப்போடற கொடி என்று போஸ் சிரிப்பான். சிரி. ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கொம்பில் குத்தினாள், இன்னொன்றை எஞ்சின் உடம்பில். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது, சாவியைத் திருகி செல்ஃப் மோட்டார் இழுக்கிற நேரத்தில் மீட்டர் சும்மா கிடக்க வேண்டும். அதில் நம்பர் ஏறினால் வழியில் எங்கேயோ கரண்ட் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். விரல் மரத்துவிட்டது. வாயில் வைத்து ஊதினாள்.

சீட்டில் உட்கார்ந்தால் அவனுடைய வாசனை. அதே தைலம். மாறவே இல்லை, பெண்டாட்டியை மாற்றினவன் தைலத்தை மாற்றவில்லை. சாவியில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பயமாக இருந்தது. ஸ்டார்ட் ஆகிவிட்டால் இன்றைக்கும் போச்சு, அவன் வந்து, நான் அப்பவே சொன்னேன்ல என்று எதிர்ப் பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போவான். ஸ்டார்ட் ஆகாமல் இருந்து கண்டுபிடித்துவிட்டாலோ, அவன் வண்டி சரியாகிவிடும், விடிகாலை ஏர்போர்ட் சவாரிக்கெல்லாம் ஜம்மென்று போவான், அவள் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு போவாள். அடேயப்பா, எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி எனக்கா? கம்ப்யூட்டர் பெட்டி போயிருச்சு, இதுக்கு மருந்தே கிடையாது என்று சொல்லிவிட்டால்? நம்புவான். அலைவான். கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் நாயாக அலைவான். இருபது வருஷமாக இந்தக் கையால் தொட்ட எந்த வண்டிக்கும் பொய் சொன்னதில்லை, இவனுக்காக அதையும் ஆரம்பிக்கணுமா? ஆரம்பித்தால்தான் என்ன? சட்டென்று சாவியைத் திருகினாள். டக். அவ்வளவுதான். ஒரே ஒரு டக், டாஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கி, வண்டி செத்த மாதிரி கிடந்தது. மீட்டரில் நாலு புள்ளி இரண்டு. என் கண்ணே, என் ராசாத்தி என்று ஸ்டியரிங்கை அப்படியே கட்டிக்கொண்டாள்.

எர்த். பேட்டரியின் மைனஸை வண்டி உடம்போடு சேர்க்கிற பக்கம். எத்தனை சுலபம் பாருங்கள், மூன்று ஊர்க்காரனும் பிளஸ் பக்கத்தையே நக்கிக்கொண்டிருந்திருக்கிறான்கள். வேறு வண்டியிலிருந்து வயர் போட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிறது, அதனால் பேட்டரிதான் என்று முடிவு கட்டினார்கள். அந்த வயரின் மைனஸ் கிளிப்பை எஞ்சின் மேல் அல்லவா கடித்து வைத்தீர்கள், கெட்டுப்போன இடத்தைத் தாண்டிக் கரண்ட் வேறு வழியில் போயிருக்கிறது, அதை யோசிக்க ஒரு மண்டை இல்லையா? வெந்நீர் ஊற்றினாலும் ஸ்டார்ட் ஆகுதாம். ஆகும், இரும்பு சூட்டில் கொஞ்சம் உப்பி ஒட்டிக்கொள்ளும். எழுந்து ஓடி முனையை மாற்றிக் குத்தினாள். ஸ்டார்ட் ஆகாத வண்டி சூடாகாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் திருகிப் பார்க்கலாம். எஞ்சினிலிருந்து பாடிக்கு, சரியாக இருக்கிறது. பேட்டரி கொம்பிலிருந்து எர்த் வயரின் முனைக்கு, சரியாக இருக்கிறது. அந்த வயரின் முனையிலிருந்து, அது முறுக்கியிருக்கிற பாடிக்கு. டக். நாலு. ஒரே போல்ட். டார்ச்சை அடித்தாள். அடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் போல்ட்டின் தலையில் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம், சாமி நெற்றி மாதிரி.

அதனால்தான். அதனால்தான் ஒருத்தனும் தொடவில்லை. பொட்டு வைத்த இடத்தில் ஸ்பேனரை வைக்க எந்த மெக்கானிக்குக்குக் கை வரும்? குன்னூர்க்காரனும் ஊட்டிக்காரனும் மற்ற எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டு இதை மட்டும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாகத் தாண்டிப் போயிருக்கிறார்கள். அவர்களைச் சொல்வானேன், இவளே முதல் நாள் இரண்டு தடவை அதன் மேல் விரல் படாமல் ஒதுக்கினாள். ஆனால் இப்போது வைத்தாள். பத்தாம் நம்பர் ஸ்பேனரை அந்தக் குங்குமத்தின் மேலேயே வைத்து ஒரு இழு. பொருக்கு உதிர்ந்தது. வயர் முனையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் துருவும் சந்தனமும் ஈரமுமாகக் குழைந்து ஒரு சேறு. வாரா வாரம் குழைத்துக் குழைத்து அப்பின சந்தனம், தண்ணீராக வழிந்து உள்ளே இறங்கித் துருப்பிடிக்க வைத்து, வண்டிக்கும் பேட்டரிக்கும் நடுவில் சுவர் கட்டிவிட்டது. காலைப் பனியில் சந்தன வாசனை கமகமவென்று வந்தது. இந்திராணிக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியாத சிரிப்பு, புல்லில் குந்தி உட்கார்ந்துவிட்டாள். மாட்டினாயா! உன் பக்தியே உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது பார். மூன்று மாசமாக அவன் சவாரியெல்லாம் போனது, ஊர் ஊராக அலைந்தது, எல்லாம் உன் கையால். நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். இந்தா பாருங்க, உங்க வீட்டுக்காரி வெச்ச சந்தனம். அப்புறம் என்ன நடக்கும் என்று இவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

அவன் அடிக்க மாட்டான். என் கை ஒரு பொம்பளை மேல பட்டதில்ல என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வான், அது உண்மைதான். ஒரு தடவை டூரிஸ்ட் பஸ் ஒன்றுக்கு இவள் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்து ஃபியூஸ் போய்விட்டது, கல்யாணமான புதுசு. வீட்டுக்கு வந்ததும் சத்தமே போடவில்லை. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, அவன் எப்போதும் கேட்கிறது அதுவல்ல. "யாரு பண்ணின தப்பு?" என்றான். நான்தான் என்றாள். "செருப்பக் கழட்டு." வீட்டுக்குப் பின்னால் புல்லில், வெறுங்காலோடு, ஜனவரி மாசத்துச் சாயந்திரத்தில் ஒரு மணி நேரம். உள்ளே ஜன்னலில் டிவி வெளிச்சம். முதலில் எரியும், அப்புறம் ஊசி குத்தும், அப்புறம் ஒன்றுமே தெரியாது, அதுதான் பயம், கால் இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்ப்பாள். உள்ளே கூப்பிட்டு அவனே வெந்நீர் வைத்துக் கொடுப்பான். குழம்பில் உப்புக் கூடினால், சாவி தொலைந்தால், கடையில் பில் தப்பினால். பதினாறு வருஷம். யாரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? அடித்தான் என்றால் காட்ட ஒரு காயம் இருக்கும். புல்லில் நிறுத்தினான் என்றால், நீ ஏன்டி போய் நின்னே என்று கேட்பார்கள். அதைத்தான் அவளும் தன்னைக் கேட்டுக்கொள்கிறாள், ஏன்டி போய் நின்னே, ஏன்டி, இப்போதும் குளிக்கும்போது காலைப் பார்த்தால் அந்தக் கேள்விதான். சரி. இப்போது அந்தச் சுகந்தி நிற்கட்டும். பீரோவோடு, கட்டிலோடு, அந்தப் புல்லையும் சேர்த்துத்தானே எடுத்துக்கொண்டாள்? நிற்கட்டும். நன்றாக நிற்கட்டும். மரத்துப்போகிறவரைக்கும் நிற்கட்டும்.

உப்புத்தாளை எடுத்துப் போல்ட்டைத் தேய்த்தாள், வயர் முனையைத் தேய்த்தாள், பாடியில் பெயிண்ட்டைச் சுரண்டி இரும்பு பளபளவென்று தெரிகிறவரைக்கும் தேய்த்தாள். நிற்கட்டும், நிற்கட்டும் என்று அதே தாளத்தில் கை போனது. சேற்றை எறியவில்லை. ஒரு காகிதத்தில் வழித்து மடித்து ஸ்வெட்டர் பையில் வைத்துக்கொண்டாள், சாட்சி வேண்டுமே. முறுக்கிக் கிரீஸ் தடவி முடித்தபோது மணி ஏழு. ஸ்டார்ட் செய்து பார்க்கக் கை துறுதுறுத்தது. வேண்டாம். பனி இன்னும் இருக்கிறது, அந்த ஒரு தடவை அவன் கண்ணுக்கு எதிரில் நடக்கட்டும். எதிரே டீக்கடையில் போஜன் அண்ணனும் நாலைந்து டிரைவர்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், இந்தப் பக்கமேதான் பார்க்கிறார்கள், நல்லது, நன்றாகப் பாருங்கள். ஏழு பத்துக்கு அவன் நடந்தே வந்தான், மேல்ரோட்டிலிருந்து, மப்ளர் சுற்றிக்கொண்டு. இரண்டடி பின்னால் சுகந்தி. ரப்பர் செருப்பு. இந்தக் குளிரில் சாக்ஸ் இல்லாமல் ரப்பர் செருப்பு, விரலெல்லாம் பூரான் கடித்த மாதிரி சிவந்து வீங்கி. இந்திராணி பார்த்தாள், பார்த்ததை உடனே தள்ளிவிட்டாள். யாருக்குத்தான் குளிரில் கால் வீங்கவில்லை.

"என்ன, கைய விரிச்சாச்சா?" என்றான் போஸ், பெஞ்சுக்குக் கேட்கும்படி. இந்திராணி வண்டிக்குள் ஏறினாள். உட்கார்ந்து சாவியைத் திருகினாள். ஒரே இழுப்பு. பனி மூடின வண்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. "அப்படிப் போடு!" என்று எதிரே யாரோ கத்தினார்கள். "நான் சொன்னேன்ல?" இது போஜன் அண்ணன். போஸ் குனிந்து எஞ்சினைப் பார்த்தான், நிமிர்ந்தான், முகத்தில் ஒரு நல்ல வார்த்தை வருகிற மாதிரி இருந்து போய்விட்டது. "எங்க இருந்துச்சு?" "எர்த் போல்ட்ல." அவன் அந்தப் போல்ட்டைப் பார்த்தான். அதில் பொட்டு இல்லை. பார்த்துக்கொண்டே, மெதுவாக, சத்தமே இல்லாமல் கேட்டான். "யாரு பண்ணின தப்பு?"

இந்திராணிக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. கை பையில் காகிதத்தைப் பிடித்துவிட்டது. அப்போதுதான் அதைக் கண்டாள். சுகந்தியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, யாரும் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. அந்தக் கேள்வி காதில் விழுந்த உடனே அவளுடைய வலது கால் தானாகச் செருப்பிலிருந்து வெளியே வந்து பனிப் புல்லின் மேல் நின்றது. முகம் சும்மா இருந்தது. கால் மட்டும் வந்தது, பழகின கால். ஐயோ. ஐயோ, என் பாவி. இத்தனை பயத்தை வைத்துக்கொண்டுதானாடி ஒரு போல்ட் விடாமல் பொட்டு வைத்தாய், வண்டி நிற்கக் கூடாது, நின்றால் நான் நிற்க வேண்டும் என்று? இந்திராணிக்குத் தன் பாதம் இரண்டும் ஷூவுக்குள் எரிந்தன. நாலு வருஷமாக அவள் பத்திரமாக வளர்த்த கோபம், எங்கேயும் போகவில்லை, துளி குறையவில்லை, ஆனால் யார் மேல் விழ வேண்டுமோ அந்த இடம் பளிச்சென்று தெரிந்துவிட்டது.

"நீங்க பண்ணின தப்பு" என்றாள். சத்தமாக. "பேட்டரிய நீங்கதான மாத்தினீங்க? எர்த் போல்ட்ட முறுக்காம விட்டுட்டீங்க. மூணு மாசமா கரண்ட் போகாம நிக்குது." தொழிலில் அவள் சொன்ன முதல் பொய், கொஞ்சமும் கூசவில்லை. பெஞ்சில் சிரிப்பு வெடித்தது. போஸ் சிரிக்கிறவர்களைப் பார்க்கவில்லை, இந்திராணியையும் பார்க்கவில்லை. திரும்பிச் சுகந்தியைப் பார்த்தான். "வண்டியில ஏறு. வீட்டுக்குப் போலாம்" என்றான், ரொம்பச் சாதுவாக. இந்தச் சிரிப்பெல்லாம் எந்தக் காலில் போய் இறங்கும் என்று இந்திராணிக்குத் தெரியாதா? வண்டிச் சாவியை உருவிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். எஞ்சின் நின்றது. "அண்ணே, போஜண்ணே, எல்லாரும் கேளுங்க" என்றாள். "இவரு வீட்டுல ஒரு சட்டம் உண்டு. யாரு தப்புப் பண்ணினாங்களோ அவங்க செருப்பக் கழட்டிட்டு வெறுங்காலோட பனிப் புல்லுல நிக்கணும். நான் பதினாறு வருஷம் நின்னேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு, சொல்லல. இன்னைக்குத் தப்பு இவரு பண்ணினது." புல்லைக் காட்டினாள். "ஷூவக் கழட்டுங்க."

"ஏய், என்னடி உளர்ற?" என்று போஸ் சிரித்தான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. போஜன் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார், வந்து சுகந்தியின் காலைப் பார்த்தார், அந்த ஒற்றைக் கால் இன்னும் புல்லின் மேல்தான் இருந்தது. "அவ சொல்றது நெசமா போஸு?" போஸ் வாயைத் திறந்தான். அதற்குள் அந்தப் பெண் பேசினாள். தலையைத் தூக்காமல், கணக்குப் பாடம் ஒப்பிக்கிற குரலில், இந்திராணியைப் பார்த்து மட்டும் சொன்னாள்.

"உங்களுக்கு ஒரு மணி நேரமாக்கா? எனக்கு ரெண்டு."

போஜன் அண்ணன் போஸுக்கு நேராகத் திரும்பினார். "கழட்டுடா" என்றார்.